பாமாலையும் பெருங்குழல் ஆர்கனும்

நம் சங்கத்தைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பங்களில் ஞாயிற்றுக்கிழமை நண்பகல் உணவின்போது அடிக்கடி எழும் வழக்கு ஒன்று உண்டு. "பாட்டு நல்ல பாட்டுத்தான், ஆனால் ஆர்கனில் உட்கார்ந்த பிள்ளையாண்டான் நடுநடுவே என்னென்னவோ சேர்த்து எங்களைத் தடுமாற வைத்துவிட்டானே!" என்பார் பெரியவர். "நான்கு சரணத்தையும் ஒரே மாதிரி வாசித்தால் தூக்கம் வராதா, தாத்தா?" என்று பேரன் பதில் சொல்லுவான். பாட்டியார் இருவருக்கும் ரசம் ஊற்றிவிட்டு, தாம் பிறந்த ஊரில் அந்தப் பாட்டை எவ்வளவு நிதானமாகப் பாடுவார்கள் என்று சொல்லத் தொடங்குவார். வழக்கு தீராமலே உணவு முடியும்.

இந்த வழக்கு நம் வீடுகளில் பிறந்ததன்று. குறைந்தது முந்நூறு ஆண்டு வயதுடையது. அதன் முதற் பிரதிவாதிகளில் ஒருவர் மேலைச் சங்கீதத்தின் பெருமகனாகிய யோஹான் செபாஸ்தியான் பாக். இசைப் பயிற்சி இல்லாத நேயர்களும், வேறு சமயத்தைச் சேர்ந்த நேயர்களும் இவ்விஷயத்தில் சுவை காண்பார்கள் என்றே நம்புகிறேன். நம் கச்சேரி மேடைகளில் மனோதர்மம் என்று நாம் போற்றுகிறோமே, அதே பொருள்தான் இங்கு வேறு உடையில் வந்து நிற்கிறது.

முதலில் கருவியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நம் ஊர்க் கோவில்களில் ஆர்கன் என்று வழங்குவது பெரும்பாலும் காலால் மிதித்து வாசிக்கும் ஹார்மோனிய இனம். இப்போது மின்சாரக் கீபோர்டு. ஹார்மோனியத்தில் ஒலிப்பது பித்தளை நாக்கு. பைப் ஆர்கனில் ஒலிப்பதோ உண்மையான குழல்கள். ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகக் குழல்களும் மரக் குழல்களுமாக நூற்றுக்கணக்கில், பெரிய கருவிகளில் ஆயிரக்கணக்கில் நின்றுகொண்டிருக்கும். துருத்தி ஊதிய காற்று ஒரு பெட்டியில் அடங்கிக் கிடக்கும். விரல் ஒரு கட்டையை அழுத்தினால் அதற்குரிய குழலின் வாயில் திறக்கும். காற்று புகுந்து பாடும். விரலை எடுக்கும்வரை அந்த ஒலி தேயாது, நடுங்காது, மூச்சு வாங்காது. அடி மந்தர ஸட்ஜத்துக்கு 8 அடி நீளக் குழல் என்றால், அதே கட்டையில் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்க 16 அடிக் குழல் வேண்டும். ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்க 4 அடிக் குழல் போதும். மிகப் பெரிய ஆலயங்களில் 32 அடிக் குழல்களும் உண்டு. அந்த ஒலியைக் காது கேட்பதைவிட நாம் அமர்ந்திருக்கும் பலகை அதிகமாக உணரும். மிகச் சிறிய குழல்களோ எழுதுகோலைவிடக் குட்டையானவை.

குழல் வரிசைகளை இழுத்துத் திறக்கும் குமிழ்களுக்கு ஸ்டாப் என்று பெயர். புல்லாங்குழல் போன்ற ஒரு வரிசை, எக்காளம் போன்ற ஒரு வரிசை, தந்தி வாத்தியத்தை நினைவூட்டும் ஒரு வரிசை என்று பலவகை உண்டு. கைகளுக்கு இரண்டு மூன்று கட்டைவரிசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். கால்களுக்குத் தனியாக ஒரு மரக்கட்டை வரிசை. ஆகவே இரு கைகளும் இரு கால்களும் நான்கு வேலை செய்ய, ஐந்தாவதாக ஓர் ஆள் துருத்தி மிதிக்க வேண்டியிருந்தது. மின்சாரம் வருவதற்கு முன் ஆர்கன் வித்துவான் எவரும் தனியாகச் சாதகம் செய்ய முடிந்ததில்லை. மிதிப்பவன் கூலி கேட்பான், அல்லது உறங்கிப் போவான். அதனால்தான் வித்துவான்கள் வீட்டில் காற்றுத் தேவையில்லாத தந்திக் கருவி ஒன்றைக் கால்கட்டைகளுடன் செய்து வைத்துக்கொண்டு பழகினார்கள்.

இத்தகைய கருவிக்கு ஒரு பெருங்குறையும் உண்டு. நம் காதுக்கு அது உடனே புலப்படும். கமகம் இல்லை. ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்ல முடியாது. விரலை அழுத்தமாக வைத்தாலும் மெல்ல வைத்தாலும் ஒலியின் அளவு மாறாது. தோடியின் காந்தாரத்தை இதில் கேட்க விரும்புகிறவர் ஏமாந்து திரும்புவார். அப்படியானால் இதில் கற்பனைக்கு என்ன இடம்? ஒரு ஸ்வரத்துக்குள் நுணுக்கம் செய்ய வழியில்லாதபோது, வித்துவானுடைய கற்பனை ஒரே சமயத்தில் பல ஸ்வரங்களை அடுக்குவதிலும், பல குரல்களை ஒன்றோடொன்று பின்னுவதிலும், குழல் வரிசைகளை மாற்றி நிறம் காட்டுவதிலும் சென்று பாய்கிறது. அந்தக் கலையின் பள்ளிக்கூடம்தான் பாமாலை.

ஒரு பாமாலையைச் சபையார் பாடும்போது நல்ல வித்துவான் என்ன செய்கிறார்? முதலில் மெட்டின் ஓர் அடியை வாசித்துக் காட்டுவார். சுருதி எது, காலம் எது என்று அந்த ஓரடியிலேயே சபைக்குத் தெரிந்துவிட வேண்டும். முதற் சரணத்தில் ஒன்றும் செய்யமாட்டார். மெட்டை மேலே தெளிவாக வைத்து மக்களைப் பாட விடுவார். இரண்டாவதில் மேற்குரலை அடக்கி, மெட்டை நடுக்குரலில் ஒளித்து வைப்பார். துயரத்தைச் சொல்லும் சரணமானால் எக்காளக் குழல்களைப் பூட்டிவிட்டு மென்குழல் ஒன்றை மட்டும் விடுவார். சில வேளை மெட்டைக் கால்களுக்குக் கொடுத்துவிட்டு, கைகளால் மேலே வேறொரு கொடியைப் படரவிடுவார். கடைசிச் சரணத்தில் சபை முழுவதும் ஒரே குரலாகப் பாட, கீழே உள்ள ஸ்வரக் கூட்டுகளை எல்லாம் புதிதாக மாற்றி அமைப்பார். மெட்டு பழையதே, அது நிற்கும் தரை மட்டும் மாறியிருக்கும். தெரிந்த வீதியில் விடியற்காலையில் நடந்தது போன்ற உணர்ச்சி அப்போது உண்டாகும். இவற்றில் எதுவும் எழுதி வைத்ததன்று. அந்தக் கணத்தில் பிறப்பது. காணிக்கை எடுப்பது நீண்டால் வாசிப்பும் நீள வேண்டும். குருவானவர் எழுந்துவிட்டால் இரண்டு அடியில் அழகாக முடிய வேண்டும்.

நம் வித்துவான் நிரவல் செய்யும்போது சாஹித்தியத்தின் ஓரடியை எடுத்துக்கொண்டு, அதன் சொற்களையும் தாளத்தில் அவை விழும் இடங்களையும் சிதைக்காமல், இசையை மட்டும் புதிது புதிதாக வார்க்கிறார் அல்லவா? ஆர்கன் வித்துவான் செய்வதும் ஏறக்குறைய இதுவே. வேற்றுமை ஒன்று உண்டு; அது பெரிய வேற்றுமை. நிரவலில் பாடுகிறவரும் கற்பனை செய்கிறவரும் ஒருவரே. பாமாலையிலோ பாடுகிறவர்கள் முந்நூறு பேர். கற்பனை செய்கிறவர் ஒருவர். தம் கற்பனையில் அவர் வழி தவறினால் முந்நூறு பேரும் வழி தவறுவார்கள். அதிலும் அவர் பெரும்பாலும் சபைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார். பெரிய மண்டபங்களில் சபையின் குரல் அவர் காதுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் வரும். அதைக் கேட்டு அதற்காகக் காத்திருந்தால் பாட்டு ஒவ்வோர் அடியிலும் பின்தங்கி, கடைசியில் நத்தையாகிவிடும். ஆகவே காதில் கேட்பதைப் புறக்கணித்து, மனத்தில் ஓடும் தாளத்தைப் பற்றிக்கொண்டு அவர் முன்னே செல்ல வேண்டும். காதை நம்பாமல் சங்கீதம் செய்வது எவ்வளவு கடினம் என்பதைப் பாடத் தெரிந்தவர்கள் அறிவார்கள்.

இனி பாக்கின் வழக்குக்கு வருவோம். 1703-ல் ஜெர்மனியில் ஆர்ன்ஷ்டாட் என்னும் சிற்றூரின் புதிய ஆலயத்தில் அவர் ஆர்கன் வித்துவானாக அமர்ந்தபோது வயது 18. 1705 இலையுதிர் காலத்தில் நான்கு வார விடுமுறை பெற்றுக்கொண்டு, வடக்கே சுமார் 400 கிலோமீட்டர் தொலைவிலிருந்த லூபெக் நகருக்குக் கால்நடையாகவே சென்றார். அங்கே புக்ஸ்டெஹூட என்னும் முதிய மேதை ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தார். நான்கு வாரம் நான்கு மாதமாயிற்று. திரும்பி வந்த வாலிபரை 1706 பிப்ரவரி 21-ல் சபை மன்றத்தார் அழைத்து விசாரித்தார்கள். விடுமுறை கடந்தது ஒரு குற்றம். மற்றொரு குற்றம்: ஞானப்பாட்டுகளுக்கு வாசிக்கும்போது விசித்திரமான மாறுதல்களைச் செய்து, அந்நியமான ஸ்வரங்களைக் கலந்து, சபையாரைக் குழப்புகிறார் என்பது. மிகவும் நீளமாக வாசிக்கிறார் என்று முன்பு ஒருவர் குறை சொன்னதற்கு, உடனே மறுகோடிக்குச் சென்று மிகமிகச் சுருக்கமாக வாசித்துப் பழி வாங்கினார் என்றும் மன்றத்தார் வருந்தினார்கள்! இருபது வயதுப் பிள்ளைகளின் இயல்பு எந்த நூற்றாண்டிலும் மாறுவதில்லை போலும்.

அவர் அப்படி என்னதான் வாசித்தார் என்பதை ஒருவாறு அறியலாம். பாட்டின் ஓரடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே மின்னல் போல் ஓடும் ஸ்வரக் கோவைகளைப் பொருத்திய அவருடைய இளமைக் காலத்து ஞானப்பாட்டு அமைப்புகள் சில எழுத்தில் எஞ்சியுள்ளன. கிறிஸ்துமஸ் பாட்டாகிய இன் துல்ச்சி யுபிலோவுக்கு அவர் செய்த ஒன்று இன்றும் கிறிஸ்துமஸ் ஆராதனையின் முடிவில் பல நாடுகளில் வாசிக்கப்படுகிறது. தனியே கேட்கும்போது தேன். ஆனால் பாடிக்கொண்டிருக்கும்போது இடையில் அந்த மின்னல் பாய்ந்தால், அடுத்த அடியை எப்போது தொடங்குவது என்று மக்கள் விழித்திருப்பார்கள். என் தாழ்மையான அபிப்பிராயம், அந்த வழக்கில் மன்றத்தார் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்பதே.

இதைத் தமிழர்களாகிய நாம் ஏன் நினைவில் வைக்க வேண்டும்? அதே 1705 நவம்பர் இறுதியில், பாக் லூபெக்கில் புக்ஸ்டெஹூடவின் வாசிப்பைக் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில், கோபன்ஹேகனிலிருந்து ஒரு கப்பல் புறப்பட்டது. அதில் இரண்டு ஜெர்மன் வாலிபர்கள் இருந்தார்கள். 1706 ஜூலை 9-ல் அவர்கள் தரங்கம்பாடியில் கரையிறங்கினார்கள். பார்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹென்ரிக் புளுச்சாவும்தான் அவர்கள். சீகன்பால்கு ஹாலே நகரில் படித்தவர். தரங்கம்பாடி மிஷனுக்குப் பின்னர் ஊழியர்களை அனுப்பியதும் ஹாலேதான். சங்கீத மேதை ஹாண்டெல் பிறந்ததும் அதே ஹாலே. 1713-ல் அங்குள்ள பெரிய ஆலயத்தின் ஆர்கன் வேலை பாக்குக்கு அளிக்கப்பட்டு, அவர் ஏற்காமல் விட்டார். சுருங்கச் சொன்னால், ஆர்ன்ஷ்டாட் மக்களைத் தடுமாற வைத்த அதே ஞானப்பாட்டு மெட்டுகளின் மரபுதான் அதே ஆண்டில் சோழமண்டலக் கரைக்கு வந்து சேர்ந்தது. 1740-ல் இந்தியாவுக்கு வந்து 1791 வரை தமிழ்நாட்டில் வாழ்ந்த பப்ரிஷியஸ் ஐயர் ஜெர்மன் ஞானப்பாட்டுகள் பலவற்றைத் தமிழாக்கினார். லுத்தரன் சபைத் தமிழர்கள் இன்றும் அவற்றைப் பாடுகிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அந்த மெட்டு வந்த வழி தெரியும்?

மெட்டு வந்தது, ஆனால் நம் மொழி எளிதில் இணங்கிவிடவில்லை. தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றுவன. ஜெர்மன் மெட்டில் நீண்ட ஸ்வரம் வரும் இடத்தில் குறில் எழுத்து விழுந்தால், 'பலன்' என்று பாட வேண்டியது 'பாலன்' என்று கேட்கும். 'மனம்' 'மானம்' ஆகிவிடும். மொழிபெயர்த்தவர்கள் எவ்வளவோ முயன்றும் இது முற்றிலும் தீரவில்லை. இந்தக் குறையை உணர்ந்த தமிழ் உள்ளங்கள் வேறு வழி கண்டன. தஞ்சையில் ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) நம் இராகதாளங்களிலேயே கீர்த்தனைகளைப் பொழிந்தார். பெத்லகேம் குறவஞ்சி பாடினார். ஆகவேதான் நம் தென்னிந்தியத் திருச்சபைப் பாட்டுப் புத்தகத்தில் பாமாலை என்று ஒரு பகுதியும் கீர்த்தனை என்று ஒரு பகுதியும் இருக்கின்றன. ஒரே அட்டைக்குள் இரண்டு சங்கீதங்கள்!

ஆர்கனில் அமரும் தமிழ்ப் பிள்ளைக்கு இதனால் வரும் சங்கடம் ஐரோப்பிய வித்துவானுக்கு இல்லாதது. பாமாலைக்கு அவன் ஸ்வரக் கூட்டுகளை அடுக்கலாம். அதற்காகவே அந்த மெட்டுப் பிறந்தது. அடுத்து வரும் கீர்த்தனைக்கும் அதே பழக்கத்தில் மூன்று மூன்று ஸ்வரமாக அமுக்கினால் இராகம் மூச்சுத் திணறும். சங்கராபரணமும் ஹரிகாம்போதியும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். நடபைரவியும் கீரவாணியும் மேலை நாட்டாரின் சோக ஸ்தாயிகளுக்கு உறவு என்பதால் சமாளித்துவிடும். தோடியும் சஹானாவும் பொறுக்கமாட்டா. மேலும் இக்காலக் கருவிகளின் அந்தர காந்தாரம் நம் தம்பூராவில் தானாகக் கேட்கும் காந்தாரத்தைவிடச் சற்றுத் தூக்கலாகவே இருக்கும். தேர்ந்த காதுக்கு உறுத்தும். ஆனால் ஆர்கனுக்கு ஓர் அருங்குணம் உண்டு என்று மேலே சொன்னேன்: அதன் ஒலி தேய்வதில்லை. கால்கட்டையில் ஸட்ஜத்தை ஊன்றி வைத்துக்கொண்டு, அதன்மேல் கீர்த்தனையை ஒற்றை இழையாக, இடையில் ஒரு பஞ்சமம் மட்டும் துணையாக வாசித்துப் பார்க்கட்டும். அதுவே பெரிய தம்பூரா ஆகிவிடும். ஐரோப்பியரும் கீழ் ஸ்வரத்தை ஊன்றி மேலே கற்பனை செய்யும் முறையை நெடுங்காலமாகக் கையாளுகிறார்கள்.

இவ்விரு சங்கீதங்களும் எதிரெதிரே நின்று முறைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதற்கு நாம் குடியிருக்கும் மைசூரே சாட்சி. திருநெல்வேலிச் சீமையின் ஹரிகேசநல்லூரிலிருந்து வந்த முத்தையா பாகவதர் (1877–1945) இங்கே நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆஸ்தான வித்துவானாக விளங்கினார். சாமுண்டேசுவரி மீது 108 கிருதிகளைக் கன்னடத்தில் இயற்றினார். நம்மைப் போலவே பிழைப்புக்கு எல்லை தாண்டி வந்த தமிழர் என்று அவரைச் சொந்தம் கொண்டாடலாம். மதுரை மணி ஐயர் பாடிப் பட்டிதொட்டியெல்லாம் பரவிய 'இங்கிலீஷ் நோட்டு' அவர் செய்ததே. அவருக்கு முன்பே முத்துசுவாமி தீட்சிதர், சென்னைக் கோட்டைப் பட்டாள வாத்தியங்கள் முழங்கிய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழியில் தெய்வப் பாடல்களைப் பொருத்தினார். சபையினர் மேலை மெட்டுக்குத் தமிழ்ப் பாட்டு வைத்ததும் தீட்சிதர் மேலை மெட்டுக்கு ஸ்தோத்திரம் வைத்ததும் ஒரே தொழில் அல்லவா?

கடைசி மகாராஜாவாகிய ஜெயசாமராஜேந்திர உடையாரைப் பற்றி எத்தனை சொன்னாலும் தகும். பியானோவில் தேர்ந்து லண்டன் பட்டம் பெற்றவர் அவர். பின்னர் 'ஸ்ரீவித்யா' முத்திரையுடன் 94 கர்நாடக கிருதிகளை இயற்றினார். நிக்கோலாய் மெட்னர் என்னும் ருஷ்ய மேதை முதுமையில் லண்டனில் நலிந்திருந்தபோது, 1940-களின் பிற்பகுதியில் அவருடைய வாசிப்பை இசைத்தட்டுகளில் பதிவு செய்யப் பொருளுதவி செய்தவர் இவரே. மெட்னர் நன்றியுடன் தம் மூன்றாவது பியானோ கன்செர்ட்டோவை மைசூர் மகாராஜாவுக்குக் காணிக்கையாக்கினார். 1950 மே 22-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் ரிச்சர்ட் ஷ்ட்ராஸின் 'நான்கு கடைசிப் பாடல்கள்' முதன்முதலாக அரங்கேறியதும் மைசூர் மன்னர் கொடுத்த பண உத்தரவாதத்தினாலேதான். அதே மண்டபத்தின் மாபெரும் ஆர்கனில் 1871-ல், அது கட்டப்பட்ட ஆண்டிலேயே, ஆஸ்திரிய மேதை ப்ருக்னர் வந்து மனோதர்மமாக வாசித்து லண்டன் மக்களை வியக்கச் செய்தார். ஊருக்கு வெளியே அதிகம் பேசத் தெரியாத, கூச்ச சுபாவமுடைய மனிதர் அவர். கட்டைகளின் முன் அமர்ந்தால் வேறு ஆள்.

நம் ஊரின் புனித பிலோமினா பேராலயத்தைப் பார்த்திராத நேயர் இருக்கமாட்டார். 1933-ல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டியது. ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தைப் பார்த்து அமைந்தது என்பார்கள். அந்த உயர்ந்த கூர்வளைவுகளின் கீழ் நின்று ஒருமுறை மெல்லக் கை தட்டிப் பாருங்கள். ஒலி உடனே சாகாமல் மேலே சென்று உலாவித் திரும்பும். கொலோனில் பத்து வினாடிக்கு மேலும் நிற்குமாம். ஆர்கன் என்னும் கருவி இத்தகைய கற்குகைகளிலேயே வளர்ந்தது. குழல்கள் பாதி வாத்தியம்; கட்டடம் மறுபாதி. ஆகவே மனோதர்மம் செய்யும் வித்துவான் முதலில் கட்டடத்தைக் கேட்கிறார். ஒலி நிற்கும் இடத்தில் வேகமாக வாசித்தால் எல்லாம் குழம்பாகிவிடும். இடைவெளி விட்டு வாசித்தால் மண்டபமே அந்த இடைவெளியை நிரப்பும். மின்சாரக் கருவிகளில் எதிரொலியையும் ஒரு பொத்தானில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அது பிழையன்று, ஆனால் எந்தப் பொத்தானும் வித்துவானைக் காத்திருக்கக் கற்பிப்பதில்லை.

தமிழ்நாட்டில் உண்மையான பைப் ஆர்கனைக் காண விரும்புகிறவர்கள் சென்னை எழும்பூரில் உள்ள புனித அந்திரேயா ஆலயத்துக்குச் செல்லலாம். 'தி கர்க்' என்று வழங்கும் அந்த ஸ்காட்லாந்துச் சபை ஆலயம் 1821-ல் திறக்கப்பட்டது. களிமண் நிலத்தில் கட்டடம் அமிழாதிருக்க நம் நாட்டு முறைப்படி கிணறுகளை இறக்கி அவற்றின்மேல் எழுப்பினார்கள். வட்டமான மண்டபம், நீலவானம் போன்ற கவிகை; எதிரே மங்கிய பச்சையும் பொன்னுமாகக் குழல்கள் நிமிர்ந்து நிற்கும் ஆர்கன். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் செய்யப்பட்டு 1883-ல் இங்கு அமைக்கப்பட்டது அது. நம் தட்பவெப்பம் இக்கருவிக்குப் பகை. மழைக்காலத்தில் மரம் உப்பும், கோடையில் வெடிக்கும், துருத்தித் தோலை எலியும் மரத்தைக் கரையானும் தேடி வரும். பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் இந்தியா முழுவதிலும் விரல்விட்டு எண்ணத் தக்கவர்களே. அத்தனைக்கும் ஈடுகொடுத்து ஓர் ஆர்கன் நிற்கிறதென்றால் அதன் பின்னால் பல தலைமுறைகளின் பொறுமை இருக்கிறது. ஜெர்மனியின் ஆர்கன் செய்யும் தொழிலையும் வாசிக்கும் கலையையும் 2017-ல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் சேர்த்தது. நம்மிடம் எஞ்சியிருக்கும் சிலவற்றையும் நாம் அப்படியே எண்ணலாம்.

கத்தோலிக்க நேயர்களுக்கு ஒரு சொல். 1963-ல் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம் பைப் ஆர்கனுக்கு உயர்ந்த மரியாதை கொடுத்தது. அதே மூச்சில், அந்தந்த மக்களின் சொந்த இசை மரபுக்கும் உரிய இடம் தர வேண்டும் என்றது. ஆகவே வீணையும் மிருதங்கமும் ஆர்கனும் ஒரே கூரையின்கீழ் இருப்பதற்குத் தடையேதுமில்லை. பிரெஞ்சு நாட்டில் பாடகர் குழு ஓரடி பாட, அடுத்த அடியை ஆர்கனே மனோதர்மமாக 'பாடும்' பழக்கம் நெடுநாள் இருந்தது. பாரிஸ் புனித குளோத்தில்து ஆலயத்தில் சேசார் ஃப்ராங்க் இவ்வாறு வாசிப்பதை 1866-ல் கேட்ட லிஸ்ட், பாக்கின் பக்கத்தில் வைக்கத் தக்கது என்று சொல்லிச் சென்றாராம். அன்று வாசித்ததில் ஒரு ஸ்வரமும் இன்று எவருக்கும் கிடைக்காது. மனோதர்மத்தின் சிறப்பும் துயரமும் அதுவே.

ஆர்ன்ஷ்டாட் வழக்குக்கு ஒரு பின்கதை உண்டு. நம் போன்று சொந்த ஊரை விட்டு வந்தவர்கள் அறிய வேண்டியது. 1720-ல் பாக் ஹாம்பர்க் நகருக்குச் சென்றார். அங்கே புனித கத்தரீனாள் ஆலயத்தில் 1663 முதல் ஆர்கன் வாசித்துவந்த ராயின்கன் இன்னும் உயிரோடிருந்தார். நூறு வயதை நெருங்கியவர் என்று பழைய நூல்கள் கூறும். எழுபத்தேழுதான் என்பது இக்கால ஆராய்ச்சி. எப்படியாயினும் முதியவர். அவர் முன்னிலையில் பாக் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வாசித்தார். கூடியிருந்தோர் ஒரு ஞானப்பாட்டைச் சொல்லி அதை விரித்து வாசிக்கக் கேட்டார்கள். பாபிலோன் ஆறுகளின் ஓரத்தில் சிறைப்பட்ட மக்கள் அமர்ந்து அழுவதைச் சொல்லும் 137-ஆம் சங்கீதத்தின் மேல் அமைந்த பாட்டு அது. அந்நிய மண்ணில் எங்கள் ஆண்டவரின் பாட்டை எப்படிப் பாடுவோம் என்று அவர்கள் கின்னரங்களை மரத்தில் மாட்டிவிட்டு ஏங்கியதை நேயர்கள் படித்திருக்கலாம். அதே மெட்டில் ராயின்கன் தம் வாலிபத்தில் நீண்ட கற்பனை ஒன்றை எழுதிப் புகழ் பெற்றவர். பாக் அதை அறிவார். முன்னேற்பாடு இல்லாமல், அந்த ஒரே மெட்டை ஏறக்குறைய அரைமணி நேரம் பல கோலங்களில் விரித்தார். கேட்டு முடித்த முதியவர், இந்தக் கலை செத்துவிட்டதென்று எண்ணியிருந்தேன், உம்மிடத்தில் அது உயிரோடிருக்கக் காண்கிறேன் என்ற பொருள்படச் சொன்னாராம். பொறாமைக்குப் பெயர்போன மனிதரிடமிருந்து வந்த சொல் அது!

அதே சமயம் ஹாம்பர்க்கின் மற்றொரு ஆலயத்தில் ஆர்கன் பதவி காலியாக இருந்தது. பாக் அதை நாடியிருந்தார், கிடைக்கவில்லை. 4,000 மார்க் காணிக்கை செலுத்திய ஒருவருக்குக் கிடைத்தது. விரல்களைவிட நாணயங்களால் நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் என்று அக்காலத்தார் எழுதி வைத்தார்கள்.

இனி, நம் வீட்டு உணவு மேஜை வழக்கில் என் தீர்ப்பைக் கேட்கும் அன்பர்களுக்கு இவ்வளவு சொல்லுவேன். கன்னடமும் ஆங்கிலமும் படித்து வளரும் நம் பிள்ளைகளில் சிலருக்குப் பாமாலைப் புத்தகத்தின் தமிழ் எழுத்து எழுத்துக்கூட்டித்தான் வருகிறது. ஆனால் மெட்டைக் கேட்டவுடன் சொற்கள் தாமே நாவில் வருகின்றன. அவர்களுக்குத் தமிழ் மிஞ்சியிருப்பது அந்த மெட்டில்தான். ஆகையால் முதல் சரணத்தையும், சபை பாடிக்கொண்டிருக்கும் எந்த அடியையும் பேரன் தொடக்கூடாது. பாட்டியார் பிறந்த ஊரில் கேட்டபடியே அது இருக்கட்டும். ஆராதனைக்கு முந்திய பத்து நிமிடமும், காணிக்கை நேரமும், கடைசி ஆசீர்வாதத்துக்குப் பின் மக்கள் கலையும் நேரமும் பேரனுடையவை. அப்போது அன்று பாடிய மெட்டை எடுத்துக்கொண்டு அவன் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். ஒரு நிபந்தனை: கீபோர்டில் அடைத்து வைத்திருக்கும் இயந்திரத் தாளத்தைத் தட்டிவிட்டு அதன்மேல் விரலை ஓட்டுவதை மனோதர்மம் என்று அவன் சொல்லிக்கொள்ளக்கூடாது. தாத்தாவுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. ஆசீர்வாதம் முடிந்தவுடன் செருப்பைத் தேடி ஓடாமல், பேரன் வாசித்து முடிக்கும்வரை பலகையில் அமர்ந்திருக்க வேண்டும்.

கோடை விடுமுறைக்குச் சென்னை செல்லும் குடும்பங்கள் எழும்பூர் ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேளையை முன்னதாக விசாரித்துக்கொண்டு, கால்மணி முன்பே செல்வது நலம். நடுவே கவிகையின் நேர்கீழே உட்காராமல் சற்றுப் பின்னே தள்ளி உட்காருங்கள். வட்டக் கட்டடங்களில் நடுவில் ஒலி குவிந்து கலங்கும். பிள்ளைகளை ஆர்கனுக்கு அருகே அழைத்துச் சென்று, அனுமதி பெற்று, கால்கட்டைகளைக் காட்டுங்கள். காலாலும் வாசிப்பார்கள் என்று சொன்னால் அவர்கள் நம்பமாட்டார்கள்.